உள்ளே இழுக்கும் கசிவு: கார் எஞ்சினில் வேக்குவம் லீக்கை வீட்டிலேயே கண்டுபிடிப்பது

பம்பு செட்டு ஓடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். மோட்டார் ஓடும், சத்தம் வரும், தண்ணீர் மட்டும் வராது. வந்தாலும் விட்டு விட்டுக் கொப்பளித்துக்கொண்டு வரும். "ஏர் இழுக்குது, மண்ணக் கொண்டா" என்பார் அப்பா. கிணற்றுக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் எங்கோ ஒரு ஜாயின்ட் விட்டிருக்கும். ஆனால் அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே கசியாது. குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருப்பதால், ஓட்டை வழியாகக் காற்றுதான் உள்ளே போகும். அப்பா ஒவ்வொரு ஜாயின்டாகக் களிமண்ணைக் குழைத்து அப்பிக்கொண்டே வருவார். எதில் மண் அப்பியதும் தண்ணீர் கனமாக விழுகிறதோ, ஓட்டை அங்கே.

பெட்ரோல் கார் எஞ்சினில் வேக்குவம் லீக் என்பது இதேதான். மெக்கானிக்குகள் பலரும் இதையும் "ஏர் இழுக்குது" என்றுதான் சொல்கிறார்கள். கசிவு என்றதும் வண்டிக்கு அடியில் எண்ணெய்ச் சொட்டைத் தேடுவது நம் பழக்கம். இந்தக் கசிவு உள்ளே போவதால் தரையிலும் தடம் இல்லை, பானெட்டுக்குள்ளும் கறை இல்லை. கீழே வரும் சோதனைகள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் மண் அப்பிப் பார்ப்பவைதான்.

எஞ்சினுக்குள் வெற்றிடம் எப்படி வருகிறது?

பிஸ்டன் கீழே இறங்கும்போது ஊசி சிரிஞ்சு மாதிரி காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று வரும் வழியில் த்ராட்டில் பாடிக்குள் ஒரு வட்டத் தகடு இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது திறக்கும். காலை எடுத்துவிட்டால், அதாவது வண்டி ஐடிலில் நிற்கும்போது, கிட்டத்தட்ட மூடியே இருக்கும். பிஸ்டன்கள் இழுத்துக்கொண்டே இருக்க, வாசல் சாத்தியிருப்பதால், தகட்டுக்குப் பின்னால், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் சரிகிறது. கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். நல்ல நிலையில் உள்ள எஞ்சினின் மேனிஃபோல்டில் ஐடிலின்போது ஏறத்தாழ 30 முதல் 40 வரைதான் இருக்கும்.

இந்த இழுவிசையைச் சும்மா விடுவதில்லை. பிரேக் மிதிக்கும் பாரத்தைக் குறைக்கும் பூஸ்டர் இதில்தான் இயங்குகிறது. எஞ்சின் அடிப்பகுதியில் சேரும் புகையை பிசிவி வால்வு வழியாக இழுத்து எரிப்பதும் இதுதான். பெட்ரோல் டேங்கின் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிக் குடுவையைக் காலி செய்வதும் இதுதான். அதனால் மேனிஃபோல்டிலிருந்து நாலைந்து ரப்பர் ஹோஸ்கள் கிளம்பிப் போகும். அவற்றில் ஒன்று வெடித்தாலும், கழன்றாலும், எலி கடித்தாலும் வாசலைத் தாண்டிப் புழக்கடை வழியாகக் காற்று நுழையத் தொடங்கும்.

சின்ன ஓட்டைதானே என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 சிசி எஞ்சின் 800 ஆர்பிஎம்மில் சும்மா நிற்கும்போது நொடிக்கு இழுக்கும் காற்று சுமார் 2 கிராம். 3 மி.மீ. விட்டமுள்ள ஓட்டை, அதாவது ஒரு மிளகைவிடச் சின்னது, ஐடிலில் நொடிக்கு 1 கிராமுக்குமேல் உள்ளே விடும். எஞ்சினுக்கு வேண்டிய காற்றில் பாதி திருட்டு வழியில் வந்துவிடுகிறது. உள்ளே அழுத்தம் வெளியில் இருப்பதில் பாதிக்கும் கீழே இறங்கியிருப்பதால், ஓட்டையின் குறுகலில் காற்று ஏறக்குறைய ஒலியின் வேகத்தில் பாய்கிறது. "உஸ்ஸ்" என்ற சீறல் அங்கிருந்து வருவதுதான்.

அதே வண்டியை 3000 ஆர்பிஎம்மில் முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டினால் எஞ்சின் நொடிக்கு 25 கிராம் அளவுக்கு விழுங்கும். தகடு முழுக்கத் திறந்திருப்பதால் வெற்றிடமும் இருக்காது, ஓட்டை இருப்பதே தெரியாது. பைபாஸில் பறக்கும் வண்டி சிக்னலில் நின்றதும் நடுங்குவது இதனால்தான். "ஓட்டும்போது நல்லாத்தான் இருக்கு, நின்னாத்தான் தொல்லை" என்று யாராவது சொன்னால் என் மனசு முதலில் ஹோஸ்களிடம்தான் போகும்.

என் வண்டியில் அப்படித்தான் ஆனது. காந்திபுரம் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஆர்பிஎம் முள் 700-க்கும் 1300-க்கும் இடையே ஊஞ்சலாடும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிளக் மாற்றினார்கள். பிறகு த்ராட்டில் பாடியைக் கழுவினார்கள். மூன்றாவது தடவை, "காயில் வீக்கா இருக்குங்க சார், மாத்திடலாங்க" என்றார்கள். பிளக்குக்கு மின்சாரம் தரும் அந்தக் காயிலின் விலையைக் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து பிசிவி ஹோஸை மெதுவாக வளைத்தபோது, முழங்கை மாதிரி மடங்கும் இடத்தின் அடிப்பக்கத்தில் வெடிப்பு வாயைத் திறந்தது. மேலிருந்து பார்த்தால் அது பளபளப்பான நல்ல ரப்பர். விட்டதும் வெடிப்பு மறுபடி மூடிக்கொண்டது. மூன்று தடவை கண்ணால் பார்த்தும் அவர்களுக்குத் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. வளைக்காமல் பார்த்தால் தெரியாது.

இணையத்தில் படிப்பதும் உங்கள் வண்டியும்

இந்த விஷயத்தைப் பற்றி வெளிநாட்டு ஆட்கள் எழுதுவதில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: லீக் இருந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும், பி0171 என்ற கோட் (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறு எண்) வரும். பாதிதான் சரி. எஞ்சின் காற்றை எப்படி அளக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

சில கார்களில் ஏர் ஃபில்டரை ஒட்டி மாஃப் சென்சார் இருக்கும். வாசலில் உட்கார்ந்து, உள்ளே போகும் காற்றை எடை போடும் கணக்குப்பிள்ளை மாதிரி. புழக்கடை வழியாக வரும் காற்று அதன் கணக்கில் சேராது. அதனால் எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூ குறைவான பெட்ரோலையே விடும். சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்பது சரியான எடைக் கலவை. எத்தனால் கலந்தால் அந்த எண் கொஞ்சம் குறையும். காற்று அதற்குமேல் போனால் மிஸ்ஸிங் அடிக்கும், வண்டி நடுங்கும், பிக்கப்பில் ஒரு குழி விழும்.

நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் மாஃப் கிடையாது. மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சார்தான். அது வாசலில் உட்காரவில்லை, கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. காற்று எந்த வழியில் வந்தாலும் அழுத்தம் ஏறும், ஈசியூவும் அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டிவிடும். கலவை பெரிதாகக் கெடாது, எஞ்சின்தான் தானாக வேகமெடுக்கும். காலை எடுத்த பிறகும் ஆர்பிஎம் 1200-க்குக் கீழே இறங்க மறுக்கும், அல்லது ஈசியூ இறக்க முயன்று ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். கோட் வந்தால் பி0507 வரலாம், வராமலும் போகலாம். டேஷ்போர்டில் செக் எஞ்சின் லைட் எரியவில்லை என்பதற்காக லீக் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று. டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை பெரும்பாலும் பொருந்தாது. டீசல் எஞ்சினில் ஐடில் வேகத்தைக் காற்றை நெரித்துக் கட்டுப்படுத்துவதில்லை. பிரேக்குக்கான வெற்றிடத்தைத் தனியாக ஒரு பம்ப் உண்டாக்கும்.

கையால், காதால்

முதல் சோதனை எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஆஃப் செய்த நிலையில். நல்ல டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு ஹோஸையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவி, வளைத்து, லேசாகத் திருகிப் பாருங்கள். வெடிப்பு நடுவில் வருவதைவிட முனைகளில், கிளிப்பின் அடியில், வளைவின் உள்பக்கத்தில் வருவதுதான் அதிகம். ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவே உள்ள மடிப்பு மடிப்பான ரப்பர் குழாயை அக்கார்டியன் மாதிரி இழுத்துப் பார்க்க வேண்டும். கீறல் மடிப்பின் பள்ளத்தில் ஒளிந்திருக்கும். மாஃப் உள்ள வண்டியில் அந்தக் கீறலும் இதே தொல்லையைத் தரும். எஞ்சின் ஆயில் மூடியின் ரப்பரையும் டிப்ஸ்டிக் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எல்பிஜி, சிஎன்ஜி கிட் பொருத்திய வண்டியென்றால் கிட்காரர் மேனிஃபோல்டில் துளைபோட்டுச் சொருகிய நாசில்களையும் ஹோஸில் வெட்டி ஒட்டிய டீ ஜாயின்ட்களையும்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். நான் பார்த்ததில் பாதி லீக்குகள் இந்தக் கைத்தடவலிலேயே அகப்பட்டவை.

அடுத்து காது. எஞ்சினை ஓட விடுவதற்குமுன் சில விஷயங்கள். வண்டி திறந்த வெளியில் நிற்க வேண்டும். மூடிய ஷெட்டில் எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல். தோளில் துண்டு, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் வேண்டாம். ரேடியேட்டர் ஃபேன் தன் இஷ்டத்துக்குத் திடீரென்று சுழலும்.

இரண்டடி நீளத்துக்கு ஒரு பழைய ரப்பர் டியூப் எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை ஹோஸ்களின் மேல் நகர்த்துங்கள். டாக்டரின் ஸ்டெதஸ்கோப்தான். எஞ்சின் இரைச்சலில் திசை தெரியாத சீறல், குழாய் முனை ஓட்டையைக் கடக்கும் கணத்தில் காதில் குத்துவதுபோலக் கேட்கும். பெல்ட்டும் ஃபேனும் உள்ள பக்கம் டியூபைக் கொண்டுபோகாதீர்கள்.

மூன்றாவது, ஹோஸை நெரிப்பது. எனக்குப் பிடித்த சோதனை இது. பிளேயரின் வாயில் துணி சுற்றி, எஞ்சின் ஓடும்போது மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக, மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில், மெதுவாக அமுக்குங்கள். எதை அமுக்கியதும் ஐடில் சட்டென்று அடங்குகிறதோ, அந்த ஹோஸிலோ அதன் மறுமுனையில் உள்ள பாகத்திலோதான் கோளாறு. மற்ற சோதனைகள் காட்டாத உள் லீக்குகளையும் இது காட்டிக்கொடுக்கும். உதாரணத்துக்கு, கரிக் குடுவையின் பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் வெளியில் சீறல் கேட்காது. ஆனால் அந்த ஹோஸை நெரித்ததும் எஞ்சின் அமைதியாகிவிடும். பங்க்கில் டேங்கை நிரப்பிய உடனே வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும் இந்த வால்வின் அடையாளம். ஒரு எச்சரிக்கை: பிசிவி ஹோஸை நெரித்தால் நல்ல எஞ்சினிலும் ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கும், அந்த வழியாகக் காற்று போவது இயல்பு. பெரிய மாற்றம் தெரிந்தால் மட்டும் கணக்கில் எடுங்கள். பெட்ரோல் ஹோஸ் எது என்று தெரியாதவர்கள் தெரிந்துகொண்ட பிறகு பிளேயரைக் கையில் எடுக்கவும். காய்ந்து கல்லான ஹோஸை நெரித்தால் உடையும். அந்த நிலைக்கு வந்த ஹோஸை எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

பிரேக் பூஸ்டருக்குத் தனிச் சோதனை, காரில் உட்கார்ந்தபடியே. எஞ்சின் ஆஃபில் பிரேக் பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள், கல் மாதிரி இறுகும். மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டருக்கு வெற்றிடம் வருகிறது. இறங்காவிட்டாலோ, பெடலை மிதிக்கும்போதெல்லாம் ஐடில் மாறி காலடியில் சீறல் கேட்டாலோ, வண்டியை அதற்குமேல் ரோட்டில் ஓட்டாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

தண்ணீர், ஸ்பிரே, சாம்பிராணி

ஹோஸ்கள் எல்லாம் நல்லபடியாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால், மேனிஃபோல்டு எஞ்சினோடு சேரும் கேஸ்கெட், த்ராட்டில் பாடி கேஸ்கெட், இன்ஜெக்டர்களின் ஓ-ரிங் ஆகியவை மிச்சம். இவற்றை நெரிக்க முடியாது. இங்கேதான் அப்பாவின் களிமண் வேலை.

துணி இஸ்திரி போடும்போது தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் போதும். எஞ்சின் ஓடும்போது இணைப்பின்மேல் கொஞ்சமாகத் தெளியுங்கள். ஓட்டை இருந்தால் தண்ணீர் அதை ஒரு கணம் அடைக்கும், சீறல் நிற்கும், ஐடில் மாறும். பஞ்சர் கடைத் தொட்டியில் டியூபை அமுக்கியதும் குமிழி வருமே, அதை இங்கே எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். எஞ்சின் ஓடும்போது குமிழி வெளியே வராது, சோப்பு நுரைதான் உள்ளே போகும். காயில், பிளக் ஒயர், கனெக்டர் பக்கம் தண்ணீர் வேண்டாம்.

யூடியூபில் எல்லோரும் காட்டுவது கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை. லீக்கின் மேல் பட்டால் அது உள்ளே இழுக்கப்பட்டு எரியும், ஆர்பிஎம் சட்டென்று மாறும். வேலை செய்யும் முறைதான், மறுக்கவில்லை. ஆனால் அது எளிதில் தீப்பற்றும் திரவம், சைலன்சர் மேனிஃபோல்டு பக்கத்திலேயே பழுக்கக் காய்ந்துகொண்டிருக்கும். முதல் தடவை செய்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. செய்துதான் பார்ப்பேன் என்றால், ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே, பக்கத்தில் தீயணைப்பானோடு, ஒரு விநாடிப் பீச்சலாக, ஒரு பீச்சலுக்கும் அடுத்ததற்கும் இடையே பத்து விநாடி விட்டுச் செய்யுங்கள். ஏர் ஃபில்டர் வாய்ப்பக்கம் காற்றோடு போனால் அதுவும் ஆர்பிஎம்மை மாற்றும், இல்லாத லீக்கை இருப்பதாகக் காட்டிவிடும். பிரேக் கிளீனரை இதற்கு எடுக்கவே கூடாது; குளோரின் கலந்த வகை சூட்டில் நச்சு வாயுவாக மாறும்.

புகைச் சோதனை எல்லாவற்றையும்விடத் தெளிவானது. எஞ்சினை நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு, மேனிஃபோல்டுக்குள் லேசான அழுத்தத்தில் புகையை அனுப்புவது. உள்ளே போகும் கசிவை இப்போது நாம் வெளியே வரச் செய்கிறோம். ஓட்டை எங்கே என்று அதுவே கோடு கிழித்துக் காட்டும். ஒர்க்‌ஷாப்களில் இதற்கென மெஷின் உண்டு. நான் செய்தது மூடியுள்ள பிஸ்கட் டின்னில் ஒரு கப் சாம்பிராணி, மீன் தொட்டி ஏர் பம்ப், இரண்டு மீட்டர் டியூப். த்ராட்டில் பாடியின் வாயை ரப்பர் கையுறையால் கட்டி அடைத்து, பிரேக் பூஸ்டர் ஹோஸைக் கழற்றிய முனை வழியாகப் புகையை விட்டேன். தெருவில் போன பாட்டி, "வண்டிக்குத் திருஷ்டி கழிக்கிறியா கண்ணு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதைவிட முக்கியமான ஒன்று: கனல் எரியும் டின் காரிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும், பம்பை ஓடவிட்ட பிறகே டியூபைச் சொருக வேண்டும், டியூபைக் கழற்றிய பிறகே பம்பை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் மேனிஃபோல்டில் இருக்கும் பெட்ரோல் ஆவி கனலைத் தேடி வந்துவிடும். பானெட்டுக்குள் பெட்ரோல் வாசனை அடித்தால் இந்தச் சோதனையையே விட்டுவிடுங்கள். பெரிய கம்ப்ரஸர் காற்றையும் கொடுக்காதீர்கள், சீல்கள் பிய்ந்துவிடும்.

எண்களை நம்புபவர்களுக்கு

வண்டியின் ஈசியூவைப் படிக்கச் சொருகும் சில நூறு ரூபாய் ப்ளூடூத் ஓபிடி அடாப்டரும் போனில் ஒரு ஆப்பும் இருந்தால் ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பார்க்கலாம். ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியூ எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதுதான் அது. ப்ளஸ் மைனஸ் 10-க்குள் இருந்தால் கவலை இல்லை. மாஃப் உள்ள வண்டியில் ஐடிலின்போது +20 பக்கம் நின்று, 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் சாதாரண அளவுக்கு இறங்கினால் அது வேக்குவம் லீக்கின் கையெழுத்து. முதலில் செய்த கணக்கு நினைவிருக்கும். எஞ்சின் அதிகமாக இழுக்கும்போது ஓட்டையின் பங்கு சிறுத்துப்போகிறது. மாறாக வேகம் கூடக் கூட ட்ரிம் ஏறினால் ஹோஸ்களை விட்டுவிட்டு ஃப்யூயல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள். மேப் வண்டிகளில் ட்ரிம்மைவிட மேப் எண்ணே பயன்படும். சூடான எஞ்சின், ஏசி ஆஃப், ஐடில். அதில் 50 கிலோபாஸ்கலைத் தாண்டி நின்றால் காரணத்தைத் தேட வேண்டும். அந்தக் காரணம் சில சமயம் டைமிங் ஆகவும் இருக்கலாம்.

பழைய முள் வேக்குவம் கேஜ் வைத்திருப்பவர்கள் கடல் மட்டத்தில் 17 முதல் 21 இன்ச்சில் (பாதரச அளவில் வெற்றிடம்) முள் ஆடாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். உயரம் 300 மீட்டர் கூடினால் ஏறத்தாழ ஒரு இன்ச் குறையும். சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் நல்ல எஞ்சினே ஏழு இன்ச் குறைத்துத்தான் காட்டும். அதைப் பார்த்துப் பதறி கேஸ்கெட் மாற்ற வேண்டாம்.

கிடைத்த ஓட்டையை எம்-சீல், இன்சுலேஷன் டேப் என்று ஒட்டுப்போட்டால் சூட்டிலும் ஆயில் ஆவியிலும் சில நாளில் கழன்றுவிடும். முனை மட்டும் தளர்ந்திருந்தால், நீளம் இடம் கொடுத்தால், அரை இன்ச் வெட்டிவிட்டு மறுபடி சொருகலாம். புது ஹோஸ் வாங்கக் கடைக்குப் போகும்போது பழைய துண்டைக் கையோடு கொண்டுபோங்கள், உள்விட்டம் பார்த்து வாங்க வேண்டும். மீன் தொட்டி டியூப் அளவில் பொருந்தும், ஆனால் எஞ்சின் சூட்டில் இளகி உறிஞ்சலில் சப்பையாகிவிடும். பிரேக் பூஸ்டர் ஹோஸ் மட்டும் அந்த வண்டிக்குரியதே வேண்டும், அதற்குள் ஒரு செக் வால்வும் இருக்கும். மாட்டும் திசை முக்கியம்.

மாற்றிய பிறகும் ஓரிரு நாள் ஐடில் சற்றுத் தடுமாறலாம். ஓட்டையோடு பழகி ஈசியூ கற்றுவைத்திருந்த கணக்கு அது. ஸ்கேனர் ஆப்பில் கோளாறு கோட் பதிவை அழித்துவிட்டு, ஐடில், டவுன், பைபாஸ் என்று கலந்து நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டினால் தானாகத் திருத்திக்கொள்ளும். என் வண்டியில் காந்திபுரம் சிக்னலை இரண்டாவது நாள் கடக்கும்போது முள் 800-ல் அசையாமல் நின்றது.